மூட்டு வலிக்கு மத்தி மீன் நல்லதா? ஒருத்தருக்கு நல்லது... இன்னொருத்தருக்கு வம்பு!

ராயபுரம்:

துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், காசிமேட்டில் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து மீன் விற்கும் பெண்கள், எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளில் ஷிப்டு முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள்... வயசு ஏற ஏற இவர்களை வாட்டுவது மூட்டு வலிதான்.

'மத்தி மீன் சாப்பிடு, சரியாப் போயிடும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. மூட்டு வலி எல்லாமே ஒரே வியாதி இல்லை. எந்த வலி என்று தெரிந்த பிறகே சாப்பாட்டை மாற்ற வேண்டும்.

வலி மூன்று வகை

* தேய்மானம்: முழங்காலில்தான் அதிகம் வரும். படி ஏறினால், குந்தி எழுந்தால் வலிக்கும்.

* முடக்குவாதம்: உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குவதால் வருவது. பெண்களுக்கு அதிகம். இரண்டு கை விரல்களும் வீங்கும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது.

* யூரிக் அமில வலி: ஆண்களுக்கு அதிகம். ராத்திரியில் திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலே உயிர் போகும்.

மத்தி யாருக்கு?

மத்தி, காணாங்கத்தை மீன்களில் ஒமேகா 3 என்ற கொழுப்பு நிறைய இருக்கிறது. இது வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். முடக்குவாதக்காரர்கள் வாரம் 2 நாள் சாப்பிடலாம். வஞ்சிரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக வைப்பது நல்லது.

ஆனால் யூரிக் அமிலம் உள்ளவர்களுக்கு இதே மத்தியும், நெத்திலியும் ஆகாது. இவற்றில் உள்ள பியூரின் என்ற சத்துதான் உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிறது. ஈரல், குடல் கறியும் அப்படித்தான். பீர், பிராந்தி குடித்தால் வலி இன்னும் கூடும். இவர்கள் தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும்.

எடை குறைந்தால் முழங்கால் தப்பும்

தேய்மானக்காரர்களுக்கு முக்கியம் உடல் எடைதான். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறையும். வடை, பஜ்ஜி, சர்க்கரை போட்ட டீயைக் குறைத்து கீரை, காய், பயறு சேர்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போதும் இதுவே கைகொடுக்கும்.

குழம்பில் போடும் மஞ்சள் நல்லதுதான். மிளகும் சேர்ந்தால் மஞ்சளின் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், டாக்டரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரை வாங்கக் கூடாது. முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பி மருந்தை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

மாத்திரை உஷார்

வலி வந்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு வேலைக்குப் போவது பலருக்கும் பழக்கம். வலி மாத்திரையை மாதக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

முடக்குவாதத்தை ஆரம்பத்திலேயே பிடித்தால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். சாப்பாடு துணைக்குத்தான், மருந்துக்குப் பதிலாக ஆகாது. காலையில் விரல் இறுக்கம் 6 வாரத்துக்கு மேல் இருந்தாலோ, மூட்டு வீங்கி காய்ச்சலும் சேர்ந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

ராயபுரம் பகுதி மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் முடக்குவாதத்துக்கு என்றே தனித் துறை உள்ளது. எந்த வகை வலி என்று அங்கே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் மத்தி வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.