ஆம்பூர் ஏற்றுமதி அலுவலகத்துக்கு எந்த வெப்மெயில்?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் தோலும் ஷூவும் கப்பலேறுவதற்குள் எத்தனையோ மெயில்கள் போய்வந்துவிடும். சாம்பிள் படம், விலைப் பேச்சு, பேக்கிங் லிஸ்ட், குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ்தான் இருக்கிறது என்று ஐரோப்பிய பையருக்குக் காட்டும் பரிசோதனை அறிக்கை, கடைசியாக வங்கிக் கணக்கு எண்ணோடு இன்வாய்ஸ். இந்த இன்பாக்ஸுக்குள் திருடன் ஒருவன் புகுந்து, அந்தக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும். ஒரு ஷிப்மென்ட்டின் மொத்தப் பணமும் வேறு கணக்கில் விழும்.

ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கட்டுவதைவிட, சொந்த மெயில் சர்வர் வைத்துக்கொள்ளலாமே என்று யோசிக்கும் நிறுவனங்கள் உண்டு. கட்டற்ற மென்பொருளில் அது முடியும். போஸ்ட்ஃபிக்ஸ் கடிதங்களை அனுப்பும், வாங்கும். டவ்காட் சேமித்து வைக்கும். வெப்மெயில் அவற்றை பிரவுசரில் காட்டும், அவ்வளவுதான். கடிதங்கள் டவ்காட்டில்தான் இருக்கின்றன என்பதால், பின்னால் வெப்மெயிலை மாற்றினாலும் ஒரு கடிதமும் தொலையாது.

நான்கு நாளில் வந்த திருத்தம்

தேர்வு என்று வந்தால் பலரும் தோற்றத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: ஓட்டை தெரிந்தால் அடைப்பது யார், எவ்வளவு சீக்கிரம்?

2023 அக்டோபரில், ஐரோப்பிய அரசு அலுவலகங்கள் சிலவற்றுக்கு அவுட்லுக் குழு அனுப்பியதுபோல ஒரு மெயில் வந்தது. லிங்க்கைத் தட்ட வேண்டாம், இணைப்பைத் திறக்க வேண்டாம். ரவுண்ட்க்யூப் வெப்மெயிலில் அந்தக் கடிதத்தைத் திறந்தாலே போதும், எஸ்விஜி படக் குறியீட்டுக்குள் ஒளித்திருந்த ஸ்கிரிப்ட் ஓடி, இன்பாக்ஸில் உள்ள கடிதங்களைத் திருடர்களின் சர்வருக்கு அனுப்பத் தொடங்கும். இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் 12-ம் தேதி ரவுண்ட்க்யூப் குழுவுக்குத் தகவல் சொன்னது. 14-ம் தேதி ஓட்டை அடைபட்டது. 16-ம் தேதி திருத்திய பதிப்புகள் வெளியாகிவிட்டன.

ரெயின்லூப் என்ற இன்னொரு வெப்மெயிலின் கதை நேர்மாறு. அதில் இருந்த ஓட்டையை 2021 நவம்பரில் சோனார் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். மாதக்கணக்கில் பதிலே இல்லை. 2022 ஏப்ரலில் அவர்களே விஷயத்தை வெளியிட்டு, ரெயின்லூப்பிலிருந்து பிரிந்து வளர்ந்த ஸ்னாப்பிமெயிலுக்கு மாறச் சொன்னார்கள். ஒரு காலத்தில் எங்கும் இருந்த ஸ்குவிரல்மெயிலின் கடைசி நிலைப்பதிப்பு வந்தது 2011-ல்.

எதை எடுக்கலாம்?

மெயில் மட்டும் போதும் என்றால் ரவுண்ட்க்யூப். 2005 முதல் வளர்ந்துவரும் இதற்கு, 2023 நவம்பரில் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனத்தின் ஆதரவும் சேர்ந்தது. இரட்டைச் சரிபார்ப்புக்குத் தனியாக பிளகின் போட வேண்டும். போடாமல் யாருக்கும் கணக்குத் திறக்காதீர்கள். பொதுக் காலண்டரும் முகவரிப் புத்தகமும் தேவை என்றால் சோகோ. இரட்டைச் சரிபார்ப்பு அதிலேயே உண்டு. ஸ்னாப்பிமெயில் இலகுவானது, டேட்டாபேஸ் கேட்காது. ஆனால் பெரும்பாலும் ஒருவரின் உழைப்பை நம்பியிருக்கிறது. இன்னொரு தேர்வான ஜிம்ப்ராவின் 9-ம் பதிப்பு முதல் இலவச நிறுவல் கோப்புகளை அதன் நிறுவனம் தருவதில்லை. மூலநிரலிலிருந்து நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

யார் அப்டேட் செய்வது?

2025 ஜூனில் ரவுண்ட்க்யூபில் இன்னொரு பெரிய ஓட்டை வெளிவந்தது. பத்து ஆண்டுகளாக உள்ளேயே இருந்திருக்கிறது. 1.6.11 பதிப்பு அதை அடைத்தது. திருத்தம் வெளியான பிறகும் அதைப் போடாமல் உலகெங்கும் சுமார் 84,000 சர்வர்கள் திறந்தே கிடந்தன. எழுதியவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். சர்வர் வைத்திருந்தவர்கள் செய்யவில்லை.

பொறுப்பு அதோடு நிற்காது. இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி, ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இந்தச் சுமை வேண்டாம் என்றால் மெயிலை வெளி நிறுவனத்திடமே விடலாம். மத்திய அரசே சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயிலை நம் ஊர் ஜோஹோ நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறது. வெளியாரிடம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே சர்வருக்குப் பணம் கட்டுமுன் ஒரு பெயரை எழுதுங்கள்: திருத்தம் வந்த அன்றே அதைப் போடப்போகிறவரின் பெயர். அவர் லீவில் போனால் பார்க்க இன்னொருவர் பெயரும் வேண்டும். இரண்டும் இருந்தால் ரவுண்ட்க்யூபை நம்பிக்கையோடு நிறுவுங்கள். இல்லையென்றால் மாதக் கட்டணமே உங்களுக்கு மலிவு.