பேரண்டம் ஊதிப் பெருத்ததா, சுருங்கி எகிறியதா?

பெருவெடிப்பு பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 13.8 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் பேரண்டம் கடும் சூட்டோடு நெருக்கமாக இருந்தது, அன்றிலிருந்து விரிகிறது. அதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் ஆக ஆரம்பத்தில் என்ன நடந்தது என்பதில்தான்.

அப்படி என்ன புதிர்?

அந்தப் பழைய சூட்டின் மிச்சம் இன்றும் வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் நுண்ணலையாக வந்துகொண்டிருக்கிறது. அதன் வெப்பநிலை சுமார் 2.7 கெல்வின். இடத்துக்கு இடம் வித்தியாசம் 100,000இல் ஒரு பங்குதான்!

உட்லண்ட்ஸில் ஒரு கோப்பி, பிடோக்கில் ஒரு கோப்பி. இரண்டும் அவ்வளவு துல்லியமாக ஒரே சூட்டில் இருந்தால் என்ன கேட்பீர்கள்? "ரெண்டையும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊத்தினாங்களா?"

ஆனால் அந்த நுண்ணலை புறப்பட்டபோது, வானின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே ஒளி போய்ச் சேரக்கூட நேரம் இருந்திருக்காது. அப்போ, சூடு எப்படிச் சமமானது?

1981இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆலன் கூத் ஒரு விளக்கம் தந்தார். எல்லாம் முதலில் ஒரே சிறு இடத்தில் இருந்து, கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு குறைவான நேரத்தில் ஊதிப் பெருத்தது. பெயர் 'இன்ஃபிளேஷன்'. ஆமாம், விலைவாசி ஏறும்போது சொல்வோமே, அதே சொல்தான்.

எதிர்ப்பவர் யார்?

அந்தக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட்! பந்து தரையில் பட்டு எகிறுவதுபோல, முன்பிருந்த பேரண்டம் மெதுவாகச் சுருங்கி மறுபடி விரிந்தது என்கிறார் அவர். அப்படியென்றால் சூடு சமமாக நிறைய நேரம் இருந்திருக்கும். ஆனால் சுருங்கியது எப்படித் திரும்பியது? அங்கேதான் அந்தக் கோட்பாடு திணறுகிறது.

இன்ஃபிளேஷனை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்பது ஸ்டைன்ஹார்ட்டின் புகார். அவரும் இருவரும் 2017இல் அப்படி எழுத, 33 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு மறுத்தனர்.

யார் சரி? கண்டுபிடிக்க வழி உண்டா?

பேரண்டம் ஊதிப் பெருத்திருந்தால் ஈர்ப்பலைகள் எழுந்து, நுண்ணலையில் சுழல் போன்ற தடத்தை விட்டிருக்கலாம். எகிறியிருந்தால் நாம் காணும் அளவுக்குத் தடம் இருக்காது. 2014இல் தென் துருவத்தின் பைசெப்2 குழு தடத்தைப் பார்த்துவிட்டதாக அறிவித்தது. பிறகு பார்த்தால், அதற்குப் பெரும்பாலும் நம் பால்வீதியின் தூசே காரணம்!

தேடல் இப்போது சிலியிலும் நடக்கிறது. தடம் கிடைத்தால் 'எகிறல்' கதைக்குப் பெரும் அடி. கிடைக்காவிட்டால்? இன்ஃபிளேஷன் தோற்றுவிடாது. பார்க்க முடியாத அளவு மெல்லிய தடம் விடும் வகைகளும் அதில் உண்டு. ஸ்டைன்ஹார்ட் எரிச்சலடைவது அதனால்தான்.