ஜிம்மியின் கட்டிலருகே வந்த வீரர்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபென்வே பார்க் என்னும் பேஸ்பால் மைதானம் இருக்கிறது. 1912ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அது, அந்நாட்டின் மேஜர் லீக் மைதானங்களுள் மிகப் பழமையானது. ரெட் சாக்ஸ் அணியின் சொந்தக் களம். அதன் மதிலுக்கு வெளியே, 2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. உயரமான ஆட்டக்காரர் ஒருவர் தம் தொப்பியைக் கழற்றி, அருகில் நிற்கும் சிறுவனின் தலையில் வைக்கிறார். அச்சிறுவன் புற்றுநோயோடு போராடும் குழந்தை.

விளையாட்டு வீரருக்குச் சிலை எழுப்புவோர் பெரும்பாலும் அவர் வெற்றி பெற்ற கணத்தையே வடிப்பர். இங்கு வடிக்கப்பட்டிருப்பதோ நோயுற்ற குழந்தையின் அருகில் அவர் நின்ற கணம். ஓர் அணி தன் முன்னோர்களில் எதைப் போற்ற வேண்டும் என்ற கேள்விக்கு இச்சிலையே ஒரு விடை. அந்த விடை உருவான கதை, மருத்துவமனையோடு நெருங்கிப் பழக நேர்ந்த நாம் அனைவரும் அறியத்தக்கது.

ஒரு மாலைப்பொழுது, ஒரு வானொலி நிகழ்ச்சி

கதை 1948ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் தொடங்குகிறது. அக்காலத்தில் பாஸ்டனில் இரண்டு பெரிய பேஸ்பால் அணிகள் இருந்தன: ஒன்று ரெட் சாக்ஸ், மற்றொன்று பிரேவ்ஸ். நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் வயிற்றுப் பகுதியில் தோன்றிய புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்றுவந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பிரேவ்ஸ் அணியின் தீவிர ரசிகன். அவனுடைய அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு அவனுக்கு 'ஜிம்மி' என்று பெயர் சூட்டினார்கள்.

ரால்ஃப் எட்வர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற அறிவிப்பாளர், நாடெங்கும் ஒலிபரப்பான தம் வானொலி நிகழ்ச்சியின் வழியே, ஹாலிவுட்டில் இருந்தபடி அச்சிறுவனோடு உரையாடினார். அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சிறுவன் பெயர் சொல்லச் சொல்ல, அந்த வீரர்களே அவன் அறைக்குள் நுழைந்தனர். பில் மாசி வந்தார். ஜானி செய்ன் வந்தார். அணியின் மேலாளர் பில்லி சௌத்வொர்த்தும் வந்தார். எல்லோருமாகச் சேர்ந்து பேஸ்பால் ரசிகர்களின் பாடலொன்றைப் பாடினர். நேயர்கள் இருபதாயிரம் டாலர் திரட்டித் தந்தால், ஆட்டங்களைக் கண்டு மகிழ ஜிம்மிக்குத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று கிடைக்கும் என்று எட்வர்ட்ஸ் அறிவித்தார். வந்து சேர்ந்ததோ இரண்டு இலட்சம் டாலருக்கும் மேல். ஜிம்மிக்குத் தொலைக்காட்சிப் பெட்டி கிடைத்தது. 'ஜிம்மி ஃபண்ட்' என்னும் நிதியும் பிறந்தது.

அந்த நிதி எதற்காக?

அந்த நிதி சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவரின் ஆராய்ச்சிக்குச் சென்றது. அவர் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றியவர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் அக்காலத்தில் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவர். மருந்தென்று எதுவும் இல்லை. அமினோப்டெரின் என்னும் மருந்தை ஃபார்பர் அக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948 ஜூன் மாதத்தில் வெளியான அவருடைய ஆய்வறிக்கை பதினாறு குழந்தைகளைப் பற்றியது. அவர்களுள் பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. நோய் மீண்டும் திரும்பியது உண்மையே. எனினும், மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய இயலும் என்பது அன்றுதான் உலகுக்குத் தெரியவந்தது.

இவ்விடத்தில் நம் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. அமினோப்டெரினை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் பாஸ்டனுக்குச் சென்று ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தவர் அவர். அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் புற்றுநோய் வார்டுகளில் வழங்கப்படுகிறது. இதை வாசிப்போர் சிலரின் மருந்துச் சீட்டிலும் அப்பெயர் இருக்கக்கூடும். ஜிம்மி ஃபண்ட் பிறந்த அதே 1948ஆம் ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அணி இடம்பெயர்ந்தது, பொறுப்பு நின்றது

1953ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரேவ்ஸ் அணி பாஸ்டனை விட்டு மில்வாக்கி நகருக்குச் சென்றுவிட்டது. புரவலராக இருந்த அணியே ஊரைவிட்டுப் போனபின், நிதி மெல்ல மறைந்திருக்கலாம். பிரேவ்ஸ் உரிமையாளர் லூ பெரினி, ரெட் சாக்ஸ் உரிமையாளர் டாம் யாக்கியிடம் இப்பணியை ஏற்குமாறு வேண்டிக்கொண்டார். களத்தில் போட்டியாளராக இருந்தவர்கள் இப்பொறுப்பைத் தம் கையில் வாங்கிக்கொண்டனர். அன்று முதல் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜிம்மி ஃபண்ட் ரெட் சாக்ஸ் அணியோடு இணைந்தே இருக்கிறது. ஃபென்வே பார்க்கில் விளம்பரப் பலகைகளுக்கு இடமளிக்காத காலத்திலும், ஜிம்மி ஃபண்டின் பலகைக்கு மட்டும் அங்கே இடம் இருந்தது.

புகைப்படக் கருவி இல்லாத வருகை

சிலையில் நிற்பவர் டெட் வில்லியம்ஸ். 1939 முதல் 1960 வரை ரெட் சாக்ஸ் அணிக்காக மட்டுமே ஆடியவர். பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம் எனினும், கிரிக்கெட் அறிந்தவர்க்கு அவருடைய ஆற்றல் விளங்கும். எல்லை வேலிக்கு அப்பால் பந்தை அடிப்பது 'ஹோம் ரன்'. ஏறத்தாழ நம் சிக்ஸரைப் போன்றது. வில்லியம்ஸ் அடித்தவை 521. 1941ஆம் ஆண்டில் அவருடைய மட்டையடிச் சராசரி .406, அமெரிக்கன் லீகில் அதன்பின் ஒருவரும்.400ஐ எட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போதும் கொரியப் போரின்போதும் விமானியாகப் பணியாற்றியதால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் ஆட்டத்தை இழந்தும் அவர் எட்டிய உயரம் இது.

அவர் இனிமையாகப் பழகுபவர் என்று பெயரெடுத்தவர் அல்லர். பத்திரிகையாளர்களோடு ஓயாத பிணக்கு. ரசிகர்களின் ஆரவாரத்திற்குத் தொப்பியை உயர்த்தி நன்றி சொல்வது அங்குள்ள வழக்கம். அதைச் செய்ய அவர் மறுத்தார். 1960 செப்டம்பர் 28ஆம் நாள், தம் கடைசி வாய்ப்பில் ஹோம் ரன் அடித்து விடைபெற்றபோது, எழுந்து நின்று ஆர்ப்பரித்த மக்களுக்கும் அவர் தொப்பியை உயர்த்தவில்லை.

அதே மனிதர்தாம் பல ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளுக்குச் சென்று குழந்தைகளின் கட்டிலருகே அமர்ந்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: செய்தியாளர்களும் புகைப்படக்காரர்களும் வரக்கூடாது. கொரியப் போரிலிருந்து 1953இல் அவர் திரும்பியதைக் கொண்டாட நடந்த விருந்தும் ஜிம்மி ஃபண்டுக்கு நிதி திரட்டும் விழாவாகவே அமைந்தது. அவருடைய தம்பி 1960இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆயினும் அத்துயரம் தம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவர் பிறர் குழந்தைகளைத் தேடிச் சென்றவர்.

ஊருக்கு உயர்த்தாத தொப்பியை ஒரு குழந்தைக்கு அவர் சூட்டுவதாகச் சிலை வடித்தவர்கள், அவரைச் சரியாகவே அறிந்திருந்தனர்.

அடுத்து வந்தவர்கள்

1967ஆம் ஆண்டு ரெட் சாக்ஸ் வரலாற்றில் மறக்கவியலாதது. முந்தைய ஆண்டில் பத்து அணிகளுள் ஒன்பதாவதாக இருந்தவர்கள், அவ்வாண்டு லீகின் முதலிடத்தை வென்றனர். அவ்வணியில் ஆடிய மைக் ஆண்ட்ரூஸ் என்னும் இளைஞர், ஆட்டத்திற்கு முன் ஒரு நாள் ஜிம்மி ஃபண்டின் சிறுவன் ஒருவனோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவன் சென்றபின் உடன் வந்தவர் உண்மையைச் சொன்னார்: மருத்துவர்கள் செய்யக்கூடியது இனி எதுவுமில்லை, சிறுவன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். ஆட்டத்தில் சரியாக அடிக்கவில்லையே என்று தாம் கொண்டிருந்த கவலை எவ்வளவு சிறிது என்பதை ஆண்ட்ரூஸ் அன்று உணர்ந்தார். ஓய்வு பெற்றபின் அவர் ஜிம்மி ஃபண்டின் தலைவராகி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு அப்பொறுப்பில் இருந்தார்.

காலப்போக்கில் அணிக்குள்ளேயே நோய் வந்தது. 2006இல், இருபத்திரண்டு வயதுப் பந்துவீச்சாளர் ஜான் லெஸ்டருக்கு நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. கீமோதெரபி முடிந்து திரும்பிய அவர், 2007 உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் பந்துவீசி வெற்றி தேடித் தந்தார். 2008 மே 19ஆம் நாள், எதிரணியினர் ஒரு 'ஹிட்'கூட எடுக்கவியலாத அரிய ஆட்டத்தையும் ஆடிக் காட்டினார். நோயிலிருந்து மீண்டவர் அனைவரும் சாதனையாளராக வேண்டியதில்லை. மாடிப்படி ஏறுவதும், பசித்து உண்பதும், மீண்டும் வேலைக்குச் செல்வதும் அவ்வளவே பெரிய வெற்றிகள். ஆயினும் வார்டில் படுத்திருந்த பல இளைஞர்களுக்கு லெஸ்டரின் பெயர் தெம்பளித்தது.

இன்று அணியினர் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தின் குழந்தைகளைக் கண்டு வருகின்றனர். ஆண்டுதோறும் ஒலி, ஒளிபரப்பு வழியே நிதி திரட்டுகின்றனர். அந்நிகழ்ச்சியில் நோயாளிகளும் குடும்பத்தினரும் தங்கள் கதையைத் தாங்களே சொல்கின்றனர்.

மாண்போடு மாசும்

முன்னோரைப் போற்றுவதென்பது அவர்களின் குறைகளை மறைப்பதன்று. ஜிம்மி ஃபண்டை ஏற்றுக்கொண்ட அதே யாக்கியின் அணிதான், கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்ட மேஜர் லீக் அணிகளுள் கடைசியானது. பம்ப்ஸி கிரீன் களமிறங்கிய 1959 வரை அது தாமதித்தது. 2018இல் மைதானத்தின் அருகிலுள்ள தெருவுக்கு இடப்பட்டிருந்த யாக்கியின் பெயர் நீக்கப்பட்டது. வில்லியம்ஸோ, 1966இல் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது, தமக்குக் கிடைத்த மேடையில் நின்று, வாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று கேட்டார். நன்மையையும் தவற்றையும் ஒருசேரச் சொல்வதே நேர்மையான நினைவஞ்சலி.

ஜிம்மி என்ன ஆனான்?

வானொலியில் பேசிய அந்தச் சிறுவன் பிழைத்திருக்க மாட்டான் என்றே பலரும் கருதினர். அக்காலத்தில் அவ்வாறு கருதுவதே இயல்பு. ஐம்பது ஆண்டுகள் சென்றன. பின்னர் ஒரு பெண்மணியிடமிருந்து மருத்துவ நிலையத்திற்கு ஒரு கடிதம் வந்தது: ஜிம்மி என் சகோதரன்; அவன் உயிரோடு இருக்கிறான்.

அவருடைய இயற்பெயர் ஐனார் கஸ்டாஃப்சன். மெய்ன் மாநிலத்தின் நியூ ஸ்வீடன் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். நோயிலிருந்து மீண்டு, லாரி ஓட்டுநராகி, மூன்று பெண்களுக்குத் தந்தையாகி அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். 1998இல், நிதியின் ஐம்பதாம் ஆண்டில், அவர் தம்மை உலகுக்கு வெளிப்படுத்திக்கொண்டார். மறு ஆண்டு டெட் வில்லியம்ஸ் அவரைச் சந்தித்தார். ஒருவர் எண்பது வயதை எட்டியவர். மற்றவர் அறுபதைக் கடந்தவர். கஸ்டாஃப்சன் 2001 ஜனவரியில், அறுபத்தைந்தாம் வயதில் காலமானார். வில்லியம்ஸ் 2002 ஜூலையில் மறைந்தார்.

ஃபார்பரின் முதல் பதினாறு குழந்தைகளுக்கு இவ்வாறான முதுமை வாய்க்கவில்லை. ஆனால் அக்குழந்தைகளிடமிருந்து கற்றதன் பயனாக, நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் இன்று இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். எல்லா இடங்களிலும் அந்நிலை இன்னும் வரவில்லை, வரவேண்டும்.

நம் வார்டுக்கு வருவோர்க்கு

புகழ்பெற்ற வீரர் நம் கட்டிலருகே வருவது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அத்தை, மாமா, பள்ளித் தோழன், பக்கத்து வீட்டார் என நம்மைக் காண வருவோர் உண்டு. அவர்களிடம் இக்கட்டுரையைக் கொடுங்கள். 1948இல் வந்தவர்கள் நோயைப் பற்றிப் பேசவில்லை. சிறுவனுக்குப் பிடித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினர். அதுபோல, நோயாளிக்கு விருப்பமானதைப் பேசுங்கள். வருமுன் கேட்டுவிட்டு வாருங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் வராமல் தொலைபேசியில் பேசுங்கள். கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே செல்லுங்கள். அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம். பெயரையும் நோயையும் வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை நோயாளியும் குடும்பத்தாருமே முடிவு செய்யட்டும். ஜிம்மி அதை முடிவு செய்ய ஐம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அது அவருடைய உரிமை.

களைப்பு தெரிந்தால் விடைபெற்றுக்கொள்ளுங்கள். மீண்டும் வருவதாகச் சொன்னால், மறவாமல் வாருங்கள்.