ரவுட்டர் வாங்கும் முன் கோயில் மேட்டுக்கு ஒரு நடை

"தம்பி, நல்லா இழுக்கிற ரவுட்டர் ஒன்னு குடுங்க. புள்ளைக்கு இந்த வருசம் ஓ.எல்."

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து பஸ்ஸேறி வந்திருந்தார் அந்த அக்கா. மாத்தளை டவுனில் பன்னிரண்டு வருடமாகக் கொமினிகேஷன் கடை நடத்தும் எனக்கு இது பழகிய கேள்வி. நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "வீட்டுல எங்க நின்னா கோல் கட்டாகாம பேசலாம், அக்கா?"

"வீட்டுலயா? கோயில் மேட்டுக்குப் போனாத்தான்."

கடை திறந்த புதிதில் நான் இப்படிக் கேட்டதில்லை. ஒரு மாமா கேட்டதை எடுத்துக் கொடுத்தேன்; ஒரே வாரத்தில் பெட்டியோடு திரும்பி வந்தார். ரவுட்டரில் பிழையில்லை. அவருடைய லயம் மலை மடிப்புக்குள் இருந்தது. ரவுட்டர் இணையத்தை உண்டாக்குவதில்லை. வருகிற அலையைப் பிடித்து வீட்டுக்குள் பங்கிடுகிறது, அவ்வளவுதான். அலையே வராத இடத்தில் அது விளக்கு எரிகிற வெறும் பெட்டி.

ஃபைபர் வரும் தெரு என்றால் யோசிக்க வேண்டாம், அதையே எடுங்கள். பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைனிலும் இணையம் வரும். ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீற்றர் தள்ளிப் போனால் வேகம் படுத்துவிடும். லயங்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே எட்டுவதில்லை. மிஞ்சுவது 4ஜி.

அதற்குத்தான் முதலில் நடக்கச் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் வெவ்வேறு கம்பெனி சிம் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். பெரும்பாலான அண்ட்ரொய்ட் போன்களில் செட்டிங்ஸுக்குள் சிம் நிலையைப் பார்த்தால் ஒரு மைனஸ் எண் இருக்கும். மைனஸ் 90 பக்கம் என்றால் நல்லது. மைனஸ் 115 என்றால் வீண். காலையில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை வேகத்தையும் பாருங்கள். ஒரு டவரின் கொள்ளளவை எல்லோரும் பங்கு போடுவதால், ஊரே படம் பார்க்கும் நேரத்தில் அலை இருந்தும் வேகம் இருக்காது.

றிவஸ்டன் மலை உச்சிக் கோபுரத்தைக் காட்டி, "அந்தா டவர் தெரியுதே" என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் கோபுரமெல்லாம் நம் போனுக்கு அலை தருவதில்லை. தகரக் கூரை அலையைத் தடுக்கும். மழையில் நனைந்த இலையும் குறைக்கும். கூரைக்கு மேலே பைப் நட்டு வெளி அன்டெனா பொருத்தினால், உள்ளே செத்துக் கிடந்த ரவுட்டர் எழும்பலாம். ஆனால் அன்டெனாக் கம்பி நீள நீள அலை அதிலேயே கரைந்துபோகும்.

மலைநாட்டுக்கு இந்தத் தேடல் புதிதல்ல. 1990களின் கடைசியில், யுனெஸ்கோ உதவியோடு, கொத்மலை சமூக வானொலி ஒரு வழி கண்டது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, பதிலை வானொலியில் சொல்வார்கள். ஒரே இணைப்பு, கேட்பவர்களோ பல கிராமத்தார். பிறகு பலூன் கதை வந்தது. வானத்தில் பலூன் மிதக்கவிட்டு நாடு முழுக்க இணையம் தர கூகுளோடு 2015 இல் இலங்கை ஒப்பந்தம் செய்தது. 2016 பெப்ரவரியில் ஒரு சோதனைப் பலூன் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியது. அதோடு சரி, 2021 இல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

இப்போது செய்மதி. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. பழைய வகைச் செய்மதி ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும். கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேலாகும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுவதால் வீடியோ வகுப்பு தடங்கலின்றி ஓடும். டவர் தேவையில்லை, திறந்த வானம் வேண்டும். மரமோ மலைச்சரிவோ மறைத்தால் அறுந்து அறுந்து வரும். 2025 இல் சேவை தொடங்கியபோது கருவிக்கு மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல். 2024 இல் அறிவித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் 74 நாள் கொழுந்து பறித்தாலும் ஒரு இலட்சம் சேர்ந்திருக்காது. தனி வீட்டுக்கு எட்டாத விலை. தோட்டத்துப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ என்றால் யோசிக்கலாம்.

கூடிப் பகிர்வதற்கும் முன்னுதாரணம் உண்டு. அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சிய கிராமத்தில், ஹொரைசன் லங்கா அமைப்பு 2006 இல் வீடுகளைக் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று கோத்தது.

அக்காவுக்கு அன்று நான் எதையும் விற்கவில்லை. அந்த மைனஸ் எண்ணைப் போனில் எங்கே பார்ப்பது என்று காட்டிக்கொடுத்து, நடந்து பார்க்கச் சொன்னேன். "ரவுட்டர் கடைக்காரன் நடக்கச் சொல்றான்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள் கோல் வந்தது. "தம்பி, கோயில் மேட்டுல தொண்ணூறு. மேல் லயத்துக் கடைசி வீட்டுக் கூரையில தொண்ணூத்தாறு. எங்க வீட்டுல நூத்திப் பதினாலு."

"கடைசி வீடு யாரோடது, அக்கா?"

"எங்க மாமியாரோடது."

"பேச்சுவார்த்தை இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "புள்ளைக்காகப் பேசிக்கலாம். அந்த அன்டெனா என்ன விலை?"