சுவரில் இல்லாத பெயர்

வோல்கோகிராட் நகரின் மமாயெவ் குன்றில் 1967-ல் ஒரு பெரும் நினைவிடம் திறக்கப்பட்டது. ஸ்டாலின்கிராட் போரில் மாண்டவர்களுக்காக எழுப்பியது. குன்றின் சுவரில் பெரிய எழுத்துகளில் சில வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். 1942-ல் போர் நடந்துகொண்டிருந்தபோதே, செஞ்சேனையின் நாளேடான 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா'வில் வந்த கட்டுரையின் வரிகள் அவை. பத்திரிகையில் எழுதியவர் பெயர் இருந்தது: வாசிலி கிராஸ்மன். கல்லில் ஏறியபோது வரிகள் மட்டும் ஏறின, பெயர் ஏறவில்லை.

இன்றைய உக்ரைனில் இருக்கும் பெர்டிச்சேவ் என்ற ஊரில் 1905-ல் பிறந்தவர் கிராஸ்மன். 1897 கணக்கெடுப்பின்படி அந்த ஊரில் ஐந்தில் நான்கு பேர் யூதர்கள். வேதியியல் படித்துவிட்டு டான்பாஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்தார். 1934-ல் தன் ஊரை வைத்து எழுதிய சிறுகதை மாக்சிம் கோர்க்கியின் கண்ணில் பட, முழுநேர எழுத்தாளர் ஆனார்.

1941-ல் ஜெர்மானியப் படை சோவியத் மண்ணில் நுழைந்தபோது அவர் படையில் சேர முன்வந்தார். தடித்த உடம்பு, கண்ணாடி, கையில் ஊன்றுகோல்; போர்வீரராக ஏற்கவில்லை. 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா' நாளேட்டின் ஆசிரியர் ஓர்டன்பெர்க் அவரை நிருபராக எடுத்துக்கொண்டார். ஆயிரம் நாட்களுக்கு மேல் போர்முனையில் இருந்தார் கிராஸ்மன். தளபதிகளிடம் பேட்டி எடுத்ததோடு நிற்காமல், பதுங்கு குழிகளில் சாதாரணச் சிப்பாய்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தார். பேசும்போது குறிப்பெடுக்க மாட்டார். எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டு இரவில் எழுதி வைப்பார். இன்று நிருபர்களாகிய நாம் எதிரில் இருப்பவர் வாய் திறக்குமுன் கைப்பேசியை நீட்டிவிடுகிறோம். பேசுபவர் நம்மை மறந்து பேசும்வரை காத்திருந்த அந்தப் பொறுமையை நம் தொழில் இழந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கிராஸ்மன் மனத்தில் ஒரு முள் கிடந்தது. தாய் யெகதெரினா பெர்டிச்சேவில் இருந்தார். காலத்தோடு மாஸ்கோவுக்கு அழைத்து வந்திருக்கலாம், அழைத்து வரவில்லை. 1944-ல் ஊர் மீட்கப்பட்டபின் அங்கே போனார். 1941 செப்டம்பரிலேயே ஊர் யூதர்களை ஆயிரக்கணக்கில் வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் குழிகளில் தள்ளியிருந்தார்கள். அவர்களில் தாயும் ஒருவர்.

அன்றைய சோவியத் ஏடுகளில் இப்படிச் செத்தவர்களுக்கு 'அமைதியான சோவியத் குடிமக்கள்' என்று பெயர். 'யூதர்' என்ற சொல்லைக் கூடியமட்டும் தவிர்த்தார்கள். யூதர் இல்லாமற்போன உக்ரைனைப் பற்றி 1943-ல் கிராஸ்மன் எழுதிய கட்டுரையை அவருடைய சொந்த நாளேடே ஏற்கவில்லை. இத்திஷ் மொழியில் வந்த 'ஐனிகைட்' இதழ்தான் அதை வெளியிட்டது. போர் முழுக்கக் கொண்டாடப்பட்ட ஒரு நிருபருக்கு, கொல்லப்பட்ட தன் மக்களை அவர்கள் பெயரால் அழைக்கப் பெரிய ஏட்டில் இடமில்லை!

1944 செப்டம்பரில் போலந்தின் ட்ரெப்ளிங்காவுக்குப் போனார். நாஜிகள் அங்கிருந்த கொலை முகாமை இடித்து, மேலே உழுது லூபின் செடி விதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உயிர் தப்பிய சிலரையும் சுற்றுவட்டார விவசாயிகளையும் பிடிபட்ட காவலர்களையும் விசாரித்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை அதே ஆண்டு 'ஸ்னாம்யா' இதழில் வந்தது; நூரம்பர்க் விசாரணையிலும் பயன்பட்டது. ரயில்களைக் கணக்கிட்டு, செத்தவர்கள் முப்பது லட்சம் என்று மதிப்பிட்டார். அது மிகை. இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது ஏழு முதல் ஒன்பது லட்சம். ஆவணங்களை எரித்துவிட்ட இடத்தில் முதலில் வந்து நின்றவர்களில் ஒருவர் அவர். கொலை நடந்த முறையைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

போர் முடிந்தது, மௌனம் தொடங்கியது. எழுத்தாளர் இல்யா எரென்பர்கும் அவரும் யூதர் படுகொலை பற்றிய சாட்சியங்களைத் திரட்டித் தொகுத்த 'கருப்புப் புத்தகம்' அச்சுக்கோத்த நிலையில் தடுக்கப்பட்டது. 1948-ல் அச்செழுத்துகளையே கலைத்துவிட்டார்கள். பின்னர் எழுதிய 'வாழ்வும் விதியும்' நாவலுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1961 பிப்ரவரியில் கேஜிபி ஆட்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் படிகளை மட்டுமல்ல, கார்பன் தாளையும் தட்டச்சு நாடாவையும்கூட அள்ளிக்கொண்டு போனார்கள். எழுதியவரைக் கைது செய்யவில்லை, எழுத்தைக் கைது செய்தார்கள். இன்னும் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு இது வெளிவராது என்று கட்சித் தலைவர்களில் ஒருவரான சூஸ்லொவ் சொன்னதாக நண்பர் லிப்கின் எழுதியிருக்கிறார். 1964 செப்டம்பர் 14 அன்று கிராஸ்மன் புற்றுநோயில் இறந்தார். ட்ரெப்ளிங்காவில், லூபின் விதைத்திருந்த அந்த மண்ணில் சுமார் 17,000 கற்களை நட்டு நினைவிடம் திறந்தது அதே ஆண்டு மே மாதம்.

முந்நூறு ஆண்டு ஆகவில்லை. நண்பர்கள் ஒளித்து வைத்திருந்த பிரதி நுண்படமாக எல்லை தாண்டி, 1980-ல் சுவிட்சர்லாந்தின் லொசானில் புத்தகமானது. நுண்படம் எடுக்க உதவியவர்களில் இயற்பியலாளர் சகாரொவும் ஒருவர். 1988-ல் மாஸ்கோவின் 'ஒக்தியாபர்' இதழ் அதை வெளியிட்டது. அள்ளிக்கொண்டு போன தாள்களை 2013-ல் ரஷ்ய உளவுத்துறை அரசு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது.

நாவலில் ஒரு யூதத் தாய், சாவுக்கு முன் மகனுக்குக் கடிதம் எழுதுகிறாள். கிராஸ்மனுக்கு அப்படி ஒரு கடிதம் வரவேயில்லை. ஆனால் தாய் இறந்த ஒன்பதாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அவர் தாய்க்குக் கடிதம் எழுதினார். இரண்டாவதை எழுதியபோது நாவல் பறிபோய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த நாவலின் சமர்ப்பணப் பக்கத்தில் இன்று ஒரு பெயர் இருக்கிறது: யெகதெரினா சவேலியெவ்னா கிராஸ்மன்.