உங்கள் கையே மந்திரக்கோல்!



தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால், கடைசி நாள் இரவில் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். மேடையில் பாட்டு இருக்கும், நாடகம் இருக்கும். சில ஆண்டுகளில் மாயாஜாலமும் இருக்கும். கருப்புக் கோட்டு அணிந்தவர் வெறுந்தொப்பியிலிருந்து புறாவை எடுப்பார். "தம்பி, நீ மேலே வா" என்று பாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை அழைப்பார். அழைக்கப்பட்டவன் ஒருவன்தான். ஆனால், தானே மேடையேறியதாக லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பெருமை!

அந்த வித்தைக்காரர் இப்போது உங்கள் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். பிறந்தநாள் விழாவா, பள்ளி நிகழ்ச்சியா, நிறுவனத்தின் குடும்ப தினமா, எதுவானாலும் இயங்கலையில் வித்தை காட்டுகிறார். "இதில் என்ன அதிசயம்? படத்தை வெட்டி ஒட்டினால் யாரும் எதையும் மறைக்கலாமே!" என்று நீங்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்கு வித்தைக்காரர்கள் கண்டுபிடித்த பதில் மிகவும் எளியது: "அப்படியானால் வித்தை என் கையில் நடக்க வேண்டாம். உங்கள் கையிலேயே நடக்கட்டும்."

பயந்தவர்களும் நம்பியவர்களும்

திரை வழியாக வித்தை காட்டுவது இன்று நேற்று வந்ததன்று. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வங்காளத்தைச் சேர்ந்த பி. சி. சர்க்கார், பிபிசி தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் தோன்றினார். ஓர் இளம்பெண்ணை மேசையில் கிடத்தி, சுழலும் வாளால் அறுத்துக் காட்டினார். பிறகு அவளை எழுப்ப முயன்றார். அவள் எழவில்லை. நிகழ்ச்சியும் அத்துடன் முடிந்துவிட்டது! பெண் செத்துப் போனாள் என்றே எண்ணிய மக்கள், பிபிசி நிலையத்துக்குத் தொலைபேசி மேல் தொலைபேசியாக அழைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

1973-ஆம் ஆண்டில் யூரி கெல்லர் அதே பிபிசியில் தோன்றிக் கரண்டியை வளைத்துக் காட்டினார். தங்கள் வீட்டுக் கரண்டியும் வளைந்துவிட்டதாகப் பலர் தொலைபேசியில் சொன்னார்கள். தமக்கு மனோசக்தி இருக்கிறது என்பது கெல்லரின் கூற்று. ஆனால், அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜானி கார்சன் நடத்திய நிகழ்ச்சியில், பொருள்களை அவர் முன்கூட்டியே தொட முடியாதபடி ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்றைக்கு அவரால் ஒன்றும் காட்ட முடியவில்லை.

சர்க்கார் காட்டியதைக் கண்டு மக்கள் பயந்தார்கள். கெல்லர் காட்டியதைக் கண்டு மக்கள் நம்பினார்கள். இந்த இரண்டும் இல்லாமல், பார்ப்பவரும் கூடச் சேர்ந்து மகிழும் மூன்றாவது வழி பெரிய அளவில் வளர்ந்தது, கொரோனா காலத்தில்தான்.

பூட்டிய வீட்டுக்குள் புகுந்த வித்தை

நம் நாட்டில் 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. உலகெங்கும் மண்டபங்கள் மூடப்பட்டன. மேடையை நம்பிப் பிழைத்த வித்தைக்காரர்கள் வருமானம் இழந்தார்கள். அப்போது கை கொடுத்தது, ஜூம் போன்ற கூட்டச் செயலி. ஒரே திரையில் பல வீடுகள் தெரியும். பேசலாம், பதிலும் பெறலாம்.

அந்த ஆண்டில், போர்ச்சுகல் நாட்டில் பிறந்த எல்டர் கிமாரைஸ் என்பவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கெஃபன் நாடக அரங்கின் சார்பில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒரு காட்சிக்கு 25 வீடுகள் மட்டுமே. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே ஒரு பெட்டி அஞ்சலில் போய்ச் சேர்ந்துவிடும். சொல்லும்வரை திறக்கக் கூடாது. திறந்த பிறகு, உள்ளே இருப்பதை வைத்து வித்தையைச் செய்பவர் வீட்டுக்காரரேதான்!

2024 பிப்ரவரி 9-ஆம் நாள், சீனப் பெருநாளுக்கு முந்திய இரவில், சீனத் தேசியத் தொலைக்காட்சியில் நடந்தது இன்னும் பெரிது. தைவானைச் சேர்ந்த லியூ சியென், வீடுகளில் பார்த்துக் கொண்டிருந்தவர்களையும் நான்கு சீட்டுகளைக் கிழிக்கச் சொன்னார். கடைசியில் அவரவர் கையில் மிஞ்சிய பாதி, அவரவர் ஒளித்து வைத்த பாதியோடு பொருந்தியது. மேடையில் கூட நின்ற அறிவிப்பாளர் ஒருவருக்கு மட்டும் பொருந்தவில்லை! அவர் முகத்தைப் பார்த்து நாடே சிரித்தது. பெட்டியும் வேண்டாம், செலவும் வேண்டாம் என்பதால், நமக்கு ஏற்றது இந்த வித்தைதான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அப்பா

நான் வேலை செய்வது ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளியில். எங்கள் பிள்ளைகளில் சிலருடைய அப்பாமார் சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். 2020-இல் பாலம் மூடியதும் அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். தொடக்கத்தில் அப்பா கூப்பிட்டால் பிள்ளைகள் ஓடிவந்து பேசினார்கள். மாதங்கள் போகப் போக, "சாப்பிட்டியா? படிச்சியா?" என்பதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன், அப்பா அழைக்கும் நேரம் பார்த்துத் திடலுக்குப் போய்விடுவான்.

அந்த நாளில் சனிக்கிழமை மாலைதோறும் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியாக எண் விளையாட்டும் காகித வித்தையும் காட்டி வந்தேன். லயத்தில் அலைவரிசை கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் நாலைந்து பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்காருவார்கள். அந்தப் பையன் ஒரு வித்தையைக் கற்றதும், "சார், இதை அப்பாவுக்குக் காட்டலாமா?" என்று கேட்டான்.

காட்டினான். தங்குமிடத்தில் இருந்த அப்பா பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்தார். கூட இருந்த நண்பர்களும் கிழித்தார்கள். மகன் இங்கிருந்து உத்தரவு போடுகிறான். அங்கே பெரியவர்கள் அப்படியே செய்கிறார்கள்! கடைசியில் இரண்டு பாதியும் ஒன்று சேர்ந்தபோது, "எப்படிடா?" என்றார் அப்பா. "நீங்க வந்ததும் சொல்றேன்" என்றான் மகன். அதன்பின் அவன் திடலுக்கு ஓடவில்லை. 2022 ஏப்ரல் முதல் நாள் பாலம் முழுமையாகத் திறந்தது. அந்த வாரமே வந்திறங்கிய தகப்பன் வீட்டு வாசலில் கேட்ட முதல் கேள்வியும் அதுதானாம்.

நீங்களும் செய்து பாருங்கள்

தடித்த காகிதத்தில் ஒரே அளவாக நான்கு துண்டுகள் வெட்டிக் கொள்ளுங்கள். மீன், மரம், வீடு, நிலா என்று ஒவ்வொன்றிலும் ஒரு படத்தைப் பெரிதாக வரையுங்கள். திரைக்கு அந்தப்புறம் இருப்பவரும் அப்படியே செய்யட்டும்.

1. நான்கையும் கலைத்து, படம் கீழே இருக்கும்படி அடுக்கி, மொத்தமாகக் குறுக்கே இரண்டாகக் கிழியுங்கள். ஒரு பாதிக்கட்டை மற்றதன்மேல் அப்படியே வையுங்கள். இப்போது 8 துண்டுகள்.

2. உங்கள் பெயரில் எத்தனை எழுத்தோ, அத்தனை துண்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக அடியில் சேருங்கள்.

3. மேலுள்ள 3 துண்டுகளைச் சேர்த்து எடுத்து, மீதிக்கு நடுவே எங்காவது செருகுங்கள். மேலேயும் வைக்கக் கூடாது, அடியிலும் வைக்கக் கூடாது.

4. இப்போது மேலே இருக்கும் துண்டைப் பார்க்காமல் பையில் ஒளித்து வையுங்கள்.

5. தோட்டத்தில் வசிப்பவர் 1 துண்டு, பட்டணத்தில் வசிப்பவர் 2 துண்டு, மேலிருந்து எடுத்து நடுவே செருகுங்கள்.

6. தேநீர் பிடிக்கும் என்றால் மேலிருந்து 1 துண்டையும், காப்பி பிடிக்கும் என்றால் 2 துண்டுகளையும் வீசிவிடுங்கள்.

7. ஞாயிறு, திங்கள் என்று சனி வரை 7 நாள்களையும் சொல்லி, நாளுக்கு ஒன்றாக மேலிருந்து அடிக்கு மாற்றுங்கள்.

8. "நல்லது இருக்கட்டும்" என்று மேல்துண்டை அடிக்கு அனுப்புங்கள். "கெட்டது போகட்டும்" என்று அடுத்ததை வீசுங்கள். ஒரே துண்டு மிஞ்சும்வரை இப்படியே செய்யுங்கள்.

மிஞ்சியதையும் பையில் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். மீனின் தலையும் வாலும் ஒன்று சேரும்!

இதில் மந்திரம் எதுவுமில்லை; கணக்குத்தான். 8 துண்டுகளில் ஒரே படம் நான்கு இடத்துக்கு ஒருமுறை வருகிறது. மேலிருந்து அடிக்கு எத்தனை மாற்றினாலும் அந்த வரிசை குலையாது. அதனால் பெயரை எண்ணுவதில் தவறினாலும் கவலையில்லை. மூன்றை நடுவே செருகியதும் மேலே வரும் துண்டுக்கு ஜோடி, அடியில் இருக்கிறது. அந்த அடித்துண்டை ஐந்தாம், ஆறாம் படிகள் தொடுவதே இல்லை. தேநீர்க்காரரிடம் 6 துண்டு மிஞ்சும். ஏழு நாள் எண்ணியதும் ஜோடி 5-ஆம் இடத்துக்கு வரும். காப்பிக்காரரிடம் 5 துண்டு. ஜோடி 3-ஆம் இடத்துக்கு வரும். ஒன்றை வைத்து ஒன்றை வீசினால் ஆறில் ஐந்தாவதும், ஐந்தில் மூன்றாவதும்தான் தப்பும். கணித நூல்கள் இதை ஜோசபஸ் கணக்கு என்று கூறும். பிள்ளைகளைத் தாங்களே துண்டுகளை அடுக்கிக் கண்டுபிடிக்க விடுங்கள். அதைவிட நல்ல கணக்குப் பாடம் வேறில்லை.

நிகழ்ச்சி நடத்த விரும்பும் இளைஞர்களுக்கு

விழாக்களில் வித்தை காட்டிச் சிறு வருமானம் தேடும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இயங்கலையில் காட்ட விரும்பினால் சிலவற்றை நினைவில் வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். தேவையான பொருள்களை முதல் நாளே சொல்லிவிடுங்கள். காகிதம், பென்சில் போல எல்லா வீட்டிலும் இருப்பதாகவே இருக்கட்டும். உங்கள் கையிலும் ஒரு கட்டு வைத்து, ஒவ்வொரு படியையும் செய்து காட்டுங்கள். எல்லா வீட்டிலிருந்தும் "ஆச்சு" என்று தலையசைத்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

எல்லோரையும் ஒன்றாகக் குரல் கொடுக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும்; கூச்சல்தான் மிஞ்சும். ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள். அன்றைக்கு மேடையேறிய அந்தத் தம்பியின் மகிழ்ச்சி அந்தப் பிள்ளைக்கும் கிடைக்கும். ஜூமை இலவசமாகப் பயன்படுத்தினால் 40 நிமிடத்தில் கூட்டம் நின்றுவிடும் என்பதால், அரை மணிக்குள் முடித்துக் கொள்ளுங்கள். பார்ப்பவரின் இணையச் செலவும் மிச்சமாகும்.

வித்தை வேறு, மோசடி வேறு

பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

1 முதல் 9 வரை ஓர் எண்ணை நினையுங்கள். அதை 9-ஆல் பெருக்குங்கள். விடையில் வரும் இலக்கங்களைக் கூட்டுங்கள். அதில் 4-ஐக் கழியுங்கள். உங்கள் விடை 5. சரிதானே? ஐம்பது வீட்டில் ஐம்பது பேர் நினைத்தாலும் விடை 5-தான். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் 9 முதல் 81 வரை எந்த விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் 9 வரும். எல்லோருக்கும் பொருந்துவதை, உங்கள் மனத்தை மட்டும் படித்தது போல் சொல்வதுதான் இதன் சூட்சுமம்.

கைப்பேசியில் அழைத்து, "உங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, பணம் வந்தும் தங்கவில்லை, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள்" என்பவன் செய்வதும் இதே வேலைதான். எந்த வீட்டில் இந்தக் குறைகள் இல்லை? வித்தைக்காரர் கடைசியில் "இது விளையாட்டு" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். மோசடிக்காரன் கடைசியில் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுப்பான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே, விளையாட்டு என்ற பெயரில் பிறந்த தேதி கேட்டாலும் பிள்ளைகள் சொல்ல வேண்டாம். அடையாள அட்டையின் முதல் 6 எண்கள் பிறந்த தேதியே அல்லவா? வங்கியின் இரகசிய எண்ணையும், கைப்பேசிக்கு வரும் உறுதி எண்ணையும் நல்ல வித்தைக்காரர் எவரும் கேட்க மாட்டார். தவறிப் பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மோசடிகளைத் தடுக்க 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மையத்தின் எண் 997. உடனே அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணத்தைத் தூரத்துக்குக் கொண்டு போய்விடும்.

தானே ஒரு வித்தையைச் செய்து பழகிய பிள்ளை, பிறர் கையை உற்றுப் பார்க்கக் கற்றுக் கொள்கிறது. "இது எப்படி நடக்கிறது?" என்று கேட்கக் கற்றுக் கொள்கிறது. அந்தக் கேள்வி வந்துவிட்ட வீட்டில் செய்வினைக்காரன் பிழைக்க முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டணத்தில் இருக்கும் மகனையோ சிங்கப்பூரில் இருக்கும் பேரனையோ கைப்பேசியில் கூப்பிடுங்கள். நான்கு காகிதத் துண்டுகளை எடுத்துவரச் சொல்லுங்கள். தேநீரா காப்பியா என்று கேட்க மறந்துவிடாதீர்கள்!