புனையூற்றுக்கல்

சுண்ணம் கரைந்த ஊற்றுநீர் நிலத்தடியினின்று வெளிப்பட்டுக் காற்றைத் தொடும்போது, தன்னுள் அடங்கியிருந்த 'கார்பன் டை ஆக்சைடு' என்னும் கரிவளியை இழக்கிறது. அவ்வளி நீங்கியதும் சுண்ணத்தைக் கரைத்து வைத்திருக்கும் ஆற்றல் நீருக்குக் குன்றுவதால், சுண்ணம் பாசிகளின்மேலும் வேர்களின்மேலும் படிந்து, நாளடைவில் புரையோடிய கல்லாக இறுகுகிறது. மேலைநாட்டார் 'டூஃபா' என்று வழங்கும் இதனை ஊற்றுக்கல் என்போம். வெந்நீரூற்றுகளில் நெருங்கிப் படிந்து திண்மையுறும் 'டிராவர்டைன்' இதற்கு உடன்பிறப்பு. எரிமலைச் சாம்பல் இறுகியுண்டாகும் 'டஃப்' என்பதோ ஒலியால் மட்டும் உறவு, பிறப்பால் அயல். ஊற்றுக்கல்லைப் போலவே கையால் பிசைந்து ஆக்கப்படுவதற்கு 'ஹைப்பர்டூஃபா' என்று பெயரிட்டனர். 'ஹைப்பர்' என்பதற்கு மிகுதி என்று பொருள். பிசைந்து செய்த கல் ஊற்றுக்கல்லினும் எவ்வகையில் மிகுந்தது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. அதனைப் பார்த்துப் புனைந்தது என்பதே உண்மையாதலால், புனையூற்றுக்கல் என்னும் தமிழ்ப்பெயர் அயற்பெயரினும் பொருத்தமுடையது.

இக்கல்லின் தேவை இங்கிலாந்தில் எழுந்தது. கால்நடைகள் நீர் பருகவும் அடுக்களையில் ஏனங்கள் கழுவவும் ஒற்றைக் கல்லைக் குடைந்து செய்த பழந்தொட்டிகள் அங்கே வழக்கொழிந்து கிடந்தன. ஸ்டீவனேஜ் ஊரில் செடிப்பண்ணை நடத்திய கிளாரன்ஸ் எலியட், 1920-களில் அத்தொட்டிகளில் மலையுச்சிச் செடிகளை நட்டுச் செல்சி மலர்க்காட்சியில் வைக்க, கேட்பாரற்றுக் கிடந்தவற்றைப் பலரும் தேடலாயினர். தொட்டிகள் அருகின, போலி பிறந்தது.

புனையூற்றுக்கல்லின் உறுப்புகள் தொழிலால் மூவகைப்படும்: பிணைப்பது, நிறைப்பது, புரையாக்குவது. பிணைப்பது 'சிமெண்ட்' எனப்படும் பைஞ்சுதை. 1824-இல் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின், தாம் ஆக்கிய பைஞ்சுதைக்குப் போர்ட்லாண்டுத் தீவின் கல்லை ஒத்தது என்று கருதி அத்தீவின் பெயரையே சூட்டி உரிமை பெற்றார்; ஆக, இங்கே ஒரு கல்லின் போலியைக் கொண்டு மற்றொரு கல்லின் போலியைச் செய்கிறோம். நிறைப்பது மணல், எடை குறைய வேண்டுவோர் அதற்கு மாற்றாகப் 'பெர்லைட்' இடுவர். நீரை உள்ளடக்கிய எரிமலைக் கண்ணாடியைக் கடுஞ்சூட்டில் இட, அந்நீர் ஆவியாகிக் கல்லை நெல்பொரி போல் உப்பச்செய்வதால், அதனை முத்துப்பொரி என்று சொல்லலாம். புரையாக்குவது, குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மட்கிப் படிந்த சதுப்புமட்கு. பன்னூறாண்டுப் படிவைத் தொட்டிக்காக வெட்டுவது தகாது என்போர் இன்று தென்னைநார்த்துகளை நாடுகின்றனர். பொள்ளாச்சிப் பக்கத்தில் நார் பிரித்தபின் எஞ்சும் அத்துகள் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கடல் கடந்து செல்கிறது. அதன் துவர்ச்சாறு பைஞ்சுதை இறுகுவதைத் தடுக்குமாதலால், அலசிப் பிழிந்தே சேர்த்தல் வேண்டும். எடையால் அன்றி முகத்தலளவால், பைஞ்சுதை ஒரு பங்கு, மணலோ முத்துப்பொரியோ ஒரு பங்கு, மட்கு இரண்டு பங்கு என்பது பழகிய கணக்கு.

மூக்கை மூடி, கையுறை அணிந்து, உலர்நிலையிலேயே நன்கு கலந்தபின் சிறிது சிறிதாக நீர் தெளிக்க வேண்டும். ஈரப்பைஞ்சுதை தோலை அரிக்கும். கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை போல் விரற்பதிவோடு நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு துளி கசியலாம், ஒழுகலாகாது. எண்ணெய் தடவிய நெகிழித்தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் இரண்டு அங்குலக் கனத்துக்கு அப்பி, நீர்வடியும் துளைகளுக்குக் குச்சிகளைச் செருகி, மூடி வைத்து, ஒன்றிரண்டு நாளில் அச்சினின்று பிரித்ததும் கம்பித்தூரிகையால் தேய்த்தால், அச்சின் வழவழப்பு நீங்கிக் கல்லின் முகம் தோன்றும்.

பைஞ்சுதை உலர்ந்து இறுகுவதன்று. நீரை உட்கொண்டு இறுகுவது. அதன் துகள்கள் நீரோடு வினைபுரிந்து, மணலையும் மட்கையும் தழுவிப் பிடிக்கும் நுண்கூழாக மாறுகின்றன, இதுவே நீரேற்றம். நீர் தீர்ந்தால் வினையும் நிற்கும். புதுத்தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் தேக்கும் கொத்தனார் இக்கோட்பாட்டையே கையாளுகிறார். இதனை எழுத்தால் அறிந்திருந்தும், என் முதல் தொட்டியை விரைவில் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். நான்காம் நாள் தூக்கியபோது விளிம்பு கைப்பிடியளவு என் கையோடு வந்தது, எஞ்சியது அங்கேயே இருந்தது. நிழலில், நனைத்த சாக்கு போர்த்தி, இருபத்தெட்டு நாள் காத்திருத்தலே முறை.

நீரேற்றத்தின்போது நுண்கூழோடு நீற்றுச்சுண்ணாம்பும் பிறக்கிறது. புதுத்தொட்டியில் வேரைச் சுடுவது இதன் காரமே. ஆயின் இச்சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல ஈர்த்துச் சுண்ணக்கல்லாகவே மாறுகிறது; வெள்ளையடித்த சுவரில் நிகழ்வதும் இதுவே. ஊற்றுநீர் கரிவளியை விடுத்துக் கல்லை ஈன்றது. இங்கே சுண்ணாம்பு கரிவளியை ஏற்றுக் கல்லாகிறது. வழிகள் எதிரெதிர், முடிவில் கிடைக்கும் பொருள் ஒன்று. பல்லாண்டு மழையில் நின்ற தொட்டி, தான் எதனைப் போலச் செய்யப்பட்டதோ அதன் பொருளிற் சிறிது உண்மையாகவே தன்னுள் கொண்டிருக்கும்.

அதுவரை செடி காத்திராது. ஆகவே தொட்டியில் நீர் நிரப்புவதும் கொட்டுவதுமாகச் சில கிழமைகள் கழுவ வேண்டும். இலைவிளிம்பிலேயே சுண்ணத்தை உமிழும் 'சாக்சிஃப்ரேஜ்' என்னும் கல்லுடைச்செடியின் சில வகைகள் எஞ்சிய சுண்ணத்தைப் பொறுக்கும். சுண்ணம் ஒவ்வாத 'ரோடோடென்ட்ரான்' பொறாது. கழுவியது போதுமா என்றறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மஞ்சள் குழம்பில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத்துணித் துண்டொன்றை, ஒருநாள் தேங்கிய தொட்டிநீரில் நனைக்க வேண்டும். ஆலத்திநீர் போல் துணி சிவந்தால், கொட்டிவிட்டு மீண்டும் நிரப்புக. மஞ்சளாகவே இருந்தால், மண்ணிட்டு நடுக.